புல்மலையில் கடைசி ஆள்

இதை எழுத வேண்டும் என்று நினைப்பதும் தள்ளிப்போடுவதுமாகவே பல வருஷம் போய்விட்டது. எட்டாவதோடு படிப்பை விட்டவன், எனக்கு எழுத வராது என்பது வெளியில் சொன்ன சாக்கு. உண்மையான காரணம் அண்ணி. அண்ணி என்று நான் சொல்வது, இந்தக் கதைக்கு உரியவருடைய மனைவியை. "அத்த விட்ரு தம்பி. ஊர்ல சொல்றபடியே இருந்துட்டுப் போவட்டும்" என்று ஒருமுறை என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அப்படிக் கேட்டபிறகு எப்படி எழுதுவது? இன்னொன்று, ஊரில் சொல்லும் கதையில் முருகன் வருகிறார். நான் விபூதி வைக்காமல் டெம்போ சாவியைத் தொடாதவன். முருகன் வருகிற கதையை இல்லை என்று என் வாயாலேயே சொல்வதா என்ற பயமும் இருந்தது.

இப்போது அண்ணியே எழுதச் சொல்லிவிட்டார். ஏன் சொன்னார் என்பது பின்னால் வரும். பெயர் மட்டும் போட வேண்டாம் என்றார். அதனால் இதில் அண்ணன் பெயர் கிடையாது.

பெயர் இல்லாவிட்டால் என்ன, கோலார் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய எங்கள் கோரமண்டலில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்களே குறைவு. 'கடைசி கேஜ்' என்றுதான் சொல்வார்கள். சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். ஷிப்ட் முடிந்ததும் முதல் கேஜில் ஏற எல்லோரும் முண்டுவார்கள். யாருக்கும் வெளிச்சத்தைப் பார்க்கத்தான் அவசரம். இவர் மட்டும் கடைசிக் கேஜில்தான் மேலே வருவார். ஏறும் முன் இருட்டுப் பக்கம் திரும்பி, "எல்லாரும் ஏறியாச்சா?" என்று ஒரு குரல் கொடுப்பார். பதில் வராது என்று தெரிந்தாலும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் கால் எடுத்து வைப்பார். இது அவருடன் வேலை பார்த்தவர்கள் சொன்னது. நான் சுரங்கத்தில் இறங்கினவன் அல்ல.

நான் அவரைப் பார்த்துப் பழகியது மைன்ஸ் மூடினபிறகு. பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில். அவர் அங்கே ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன், நான் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிற ஒரு ஷாமியானா கடையில் டெம்போ ஓட்டுபவன். வண்டி பிளாட்பாரத்தில் நுழைவதற்குள் ஜன்னல் வழியாக டிபன் பாக்ஸைப் போட்டு இடம் பிடிக்கிற கூட்டம் எங்களுடையது. அவர் ஓரமாக நின்றுகொண்டிருப்பார். எல்லோரும் ஏறி, மூட்டைக்காரப் பெண்மணிகளும் ஏறி, அவர்கள் மூட்டைகளும் ஏறினபிறகு அவர் ஏறுவார். ஒருநாள் யாருடைய கீரைக் கட்டையோ தூக்கிக் கொடுத்துவிட்டு நிமிர்வதற்குள் வண்டி போய்விட்டது. நாங்கள் வாசல்படியில் தொங்கிக்கொண்டு கத்தினோம்.

"இன்னா கடைசி கேஜு, நாளைக்கு வர்றியா?"

"போங்க, போங்க. அடுத்த வண்டி கீது எனக்கு!" என்று சிரித்துக்கொண்டே கை ஆட்டினார். அன்றைக்கு அவருக்கு அரை நாள் சம்பளம் போயிற்று.

கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி. கோயிலில் தீபாராதனை முடிந்து விபூதி தட்டு வரும்போது கடைசியில் நிற்பார். சில நாள் குருக்கள் தட்டை விரலால் வழித்துத்தான் அவர் நெற்றிக்குப் பூச வேண்டியிருக்கும். அண்ணிக்கு இதெல்லாம் பொறுக்காது. "பாயசம் கண்ணால பாத்து எத்தினி வருசம் ஆச்சு தெரியுமா தம்பி? எல்லாரும் நக்கிட்டுப் போன அண்டாதான் எங்க குடும்பத்துக்கு" என்பார். அவரும் கூடவே சிரிப்பார்.

ஒருமுறை எங்கள் தெருக்காரர்கள் எல்லாம் சேர்ந்து என் டெம்போவில் பேத்தமங்களா ஏரிக்குப் போனோம். கரையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுவிட்டு, கிளம்பும் நேரத்தில் பார்த்தால் என் மாமியாரைக் காணோம். என் மனைவிக்கும் அவள் அம்மாவுக்கும் காலையிலேயே ஏதோ வாய்ச்சண்டை. "கோச்சிகினு பஸ் ஏறிப் போயிருக்கும், நீ வண்டிய எடு" என்றாள் என் மனைவி. நானும் அதையே நினைத்தேன். அண்ணன் மட்டும் கேட்கவில்லை. ஏரிக்கரை முழுக்க, நாணல் புதர் ஒன்று விடாமல், "அத்தே, அத்தே" என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தார். தண்ணீருக்குள் முழங்கால் மட்டும் இறங்கிக் கம்பால் துழாவினார். பொழுது சாய்ந்தபிறகுதான் திரும்பினோம். வீட்டில் மாமியார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருக்கிறார்! எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசியிருப்பேனோ தெரியாது. எனக்கு முன்னால் அவர் உள்ளே போய், நனைந்த வேட்டியோடு நின்று, "சாப்டியா அத்தே? நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த முகத்தில் ஏமாந்தவன் களை கொஞ்சமும் இல்லை. ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தவர்போல இருந்தார்.

உங்களுக்கு ஏன் இப்படி ஒரு பழக்கம் என்று ஒருநாள் ரயிலில் கேட்டேன். சுரங்கத்தில் பாறை வெடித்துச் சரிந்தபோது கூட இருந்தவர் யாரையாவது விட்டுவிட்டு வந்தாரோ, அதுதான் மனதில் உறுத்துகிறதோ என்று எனக்கு ஒரு எண்ணம். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

"இன்னாப்பா காரணம்? யாராவது ஒருத்தன் கடைசில வரணும் இல்ல?" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

அவருக்கு வாட்ச்மேன் வேலை போனபிறகு எங்கள் ஷாமியானா கடையில் சேர்த்துவிட்டேன். அப்படித்தான் அந்த ஓட்டத்துக்கு வந்தார்.

ஓட்டம் என்றால் மைதானத்தைச் சுற்றி வருவதல்ல. மேற்கே தூரத்தில் ஒரு புல்மலை. பெயர் எழுதவில்லை, எழுதினால் இன்ன கம்பெனி என்று தெரிந்துவிடும். மலைக்கு இந்தப் பக்கம் புறப்பட்டு அந்தப் பக்கம் போய் முடிக்க வேண்டும், புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வருவது கிடையாது. மேலே இடுப்பு உயரத்துக்குப் புல். மேட்டுக்கு மேடு அதே பச்சை. பள்ளங்களில் அடர்ந்த சோலை. வழியில் மூன்று ஏரிகள், ஒவ்வொன்றின் கரையிலும் காட்டு வாட்சர்கள் தங்க ஒரு தகரக் குடில். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள் இதற்காக விடியற்காலை எழுந்து பழகிவிட்டு வருவார்கள். குடிலுக்குக் குடில் அவர்களுக்குத் தண்ணீர், வாழைப்பழம், உப்புப் போட்ட கஞ்சி கொடுப்பது எங்கள் வேலை.

வழி தெரிவதற்காகப் புல்லிலும் கல்லிலும் சிவப்பு ரிப்பன் கட்டியிருப்பார்கள். ஓட்டம் முடிந்தால் ஒரு துண்டுகூடக் காட்டில் இருக்கக் கூடாது. அதனால் கடைசியாக ஓடுபவருக்கும் பின்னால் ஒருவர் ரிப்பனை அவிழ்த்துக்கொண்டே நடந்து வர வேண்டும். அந்த வேலைக்கு யாரும் ஆசைப்பட மாட்டார்கள். இவரிடம் கேட்டபோது முகம் மலர்ந்துவிட்டது. "இதுக்கு சம்பளம் வேற தர்றாங்களா?" என்று என் காதில் கேட்டார்.

முதல் வருஷமே ஒரு நிபந்தனை போட்டார். ஓடுகிற ஒவ்வொருவருக்கும் டோக்கன் தர வேண்டும், முடிக்கும் இடத்தில் அதைத் திருப்பி வாங்க வேண்டும். ஓட்டம் நடத்துகிறவர்கள் சிரித்தார்கள். சட்டையில் நம்பர் இருக்கிறது, அதிலேயே மெஷின் இருக்கிறது என்றார்கள். "அது மெஷின் கணக்கு, சார். இது ஆள் கணக்கு" என்றார் இவர். வேடிக்கையாக இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். எங்கள் கடையில் பாத்திரத்துக்குக் கட்டுகிற பித்தளை வில்லைகளையே கொண்டுபோனோம்.

மைன்ஸ் குடும்பங்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுரங்கத்தில் இறங்கும்போது வாங்கின டோக்கன் மேலே வந்ததும் பலகையில் தொங்க வேண்டும். தொங்கவில்லை என்றால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். மறந்துபோய்ச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டில் தூங்கினாலும், டோக்கன் வரும்வரை அவன் கீழேதான் இருக்கிறான். அவனைத் தேடி ஆள் இறங்கும். டோக்கனோடு வீட்டுக்குப் போனவனைத் தெருவே சேர்ந்து திட்டும். பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு இது எப்படித் தெரியும்? அவர்களுக்கு அது அழகான ஒரு பித்தளை வில்லை.

நாங்கள் கடைசியாகப் போன அந்த வருஷம், முடிக்கும் இடத்தில், மூன்றாவது குடில் வாசலில் நான் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். டெம்போவை ரோடு வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியிருந்தேன். சாயங்காலம் ஆவதற்கு முன்பே மஞ்சு இறங்கிவிட்டது. மூடுபனியை நாங்கள் மஞ்சு என்போம். ஏரி எங்கே, கரை எங்கே என்று தெரியவில்லை. கடைசியாக ஓடி வந்த ஆளுக்குப் பின்னால் இவர் வந்தார். தோளில் ஒரு சாக்கு நிறைய ரிப்பன். வந்ததும் நேராக டோக்கன் பலகையிடம் போனார். ஒரு ஆணி காலியாக இருந்தது.

ஒரு பெண்ணுடைய டோக்கன். ஓட்டம் நடத்துகிறவர் போனை எடுத்துப் பார்த்தார், சிக்னல் இல்லை. "ரெண்டாவது குடில்லேர்ந்து ஜீப்ல கீழ போயிருப்பாங்க. முடியாதவங்க அப்படித்தான் போவாங்க. வில்லை அழகா இருக்குன்னு எடுத்துட்டுப் போயிருப்பாங்க" என்றார். அவர் நல்ல மனிதர். சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது.

"போயிருந்தா ரொம்ப நல்லது சார். நான் வரும்போது அங்க யாரும் இல்லியே, கேக்கறதுக்கு" என்றார் இவர். இரண்டாவது குடிலில் இருந்தவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு இவர் வருவதற்குள் கிளம்பிவிட்டிருந்தார்கள்.

சாக்கை மறுபடி தோளில் போட்டார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"ண்ணா, இன்னாண்ணா இது? கை நீட்டுனா கை தெரியல. வாட்சருங்க வரட்டும்."

"வரட்டும். நான் முன்னால போறேன்."

"அந்தப் பொண்ணு கீழ போயிருக்கும்ண்ணா. எங்க மாமியார் கதைதான் இது."

சிரித்துவிட்டார். "உங்க மாமியாரு நல்லா ஏமாத்துச்சு இல்ல?" என்றார். பிறகு சாக்கைத் தட்டிக் காட்டினார். "டேய், போயிருந்தா சரி. எங்கியாவது ஒரு புதர் பின்னால ஒக்காந்து இருந்துச்சுன்னு வெச்சுக்க. நான் கண்டுக்காம தாண்டி வந்துட்டேன்னு வெச்சுக்க. எழுந்து பாத்தா வழி எங்க கீது? அது வரவேண்டிய வழிய மொத்தமா அவுத்து என் தோள்ல இல்ல வெச்சுகினு வந்துக்கீறேன்?"

பிடித்த கையை விட்டுவிட்டேன்.

"நீ இங்கயே இரு. ஆரன் அடிச்சுகினே இரு. பொண்ணு வந்தா நீட்டா ஒண்ணு அடி, நான் திரும்பிடறேன்" என்றார். இரண்டு ரிப்பனைக் குடிலின் தூணில் கட்டினார். பத்தடி தள்ளி ஒரு கல்லில் இன்னொன்று. அவிழ்த்ததையெல்லாம் திரும்பக் கட்டிக்கொண்டே போனார். கொஞ்ச நேரம் சிவப்பு மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. "எல்லாரும் ஏறியாச்சா?" என்ற குரல் மட்டும் புல்லுக்குள்ளிருந்து இரண்டு மூன்று தடவை வந்தது.

ஹாரன் அடித்து அடித்து என் உள்ளங்கை மரத்துவிட்டது. டெம்போவில் ஒட்டியிருக்கிற முருகன் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினேன். அந்தப் பொண்ணை எந்தக் குறையும் இல்லாமல் காப்பாத்திக் கொடுத்துடு அப்பனே என்று வேண்டினேன். மனசார வேண்டினேன்.

இருட்டும் நேரத்தில் கீழேயிருந்து ஜீப் வந்தது. டிரைவர் இறங்கும்போதே சொன்னார். அந்தப் பெண் கால் பிசகி மத்தியானமே அவர் ஜீப்பில் கீழே போய்விட்டாள். ஓட்டலில் படுத்துத் தூங்குகிறாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராக நிறுத்தினோம். மேலே இருப்பது இப்போது அவர் மட்டும்தான்.

நான் நீளமாக ஹாரன் அடித்தேன். எவ்வளவு அடித்தும் காற்று எங்கள் பக்கம் வீசியதே தவிர அவர் பக்கம் போகவில்லை. இரண்டு வாட்சர்கள் டார்ச்சோடு போய், மழை பிடித்துக்கொண்டதால் பாதியில் திரும்பிவிட்டார்கள். விடிந்ததும் அவர்களோடு நானும் போனேன். வழியெல்லாம் ரிப்பன். புல்லைக் கற்றையாகச் சேர்த்து முடிந்து, கல்லில் சுற்றி, சோலை ஓரத்துக் கிளையில் தொங்கவிட்டு, ஓர் இடம் விடவில்லை. வழியை விட்டு விலகிப் பள்ளங்களில் இறங்கித் தேடின தடமும் இருந்தது. இரண்டாவது ஏரிக்கரையில், பூட்டின குடிலின் வாசலில், காலிச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு நீலமாக இருந்தது.

"பொண்ணு?" என்றார்.

"ஓட்டல்ல தூங்கிகினு கீதுண்ணா. மத்தியானமே போயிட்ச்சு."

என் முகத்தையே பார்த்தார். பொய் சொல்கிறேனோ என்று பார்த்தார். பிறகு, "அப்பாடா" என்று சொல்லிப் பின்னால் சுவரில் சாய்ந்தார். அன்று என் மாமியாரை வீட்டில் பார்த்தபோது இருந்த அதே முகம். திரும்பி வரும்போது, வேண்டாம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லச் சொல்ல, ரிப்பனை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே வந்தார்.

அவர் நெஞ்சில் மைன்ஸ் தூசு முன்பே இருந்தது. இந்தக் குளிர் அதன்மேல் ஏறிக்கொண்டது. கோலார் ஆஸ்பத்திரியில் சில நாள், வீட்டில் சில நாள் என்று ஓடியது. அந்தப் பெண் விஷயம் தெரிந்து வீடு தேடி வந்தாள். கன்னடப் பெண், நன்றாகத் தமிழ் பேசினாள். சாவிக்கொத்தில் மாட்டியிருந்த டோக்கனைக் கழற்றி நீட்டி அழுதாள்.

அண்ணி விடவில்லை. "ஏம்மா, ஒரு வார்த்த அங்க இருக்கறவங்ககிட்ட சொல்லிட்டுப் போறதுக்கு இன்னா? எங்கூட்டு ஆளு இங்க மூச்சு வாங்கிகினு கெடக்குது பாரு."

"ஏய், கம்முனு இரு" என்றார் கட்டிலில் இருந்தபடி. "பொண்ணு மேல வந்துட்ச்சு இல்ல, வுடு." டோக்கனை வாங்கி என்னிடம் கொடுத்தார். "ஓட்டக்காரங்ககிட்ட சேத்துரு. அவங்க பலகைல இன்னும் கீழதான் கீது இது." அந்தப் பெண்ணுக்குக் காபி போட்டுக் கொடுக்கச் சொன்னார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

காரியம் முடிந்த கொஞ்ச நாளிலேயே கதை மாறத் தொடங்கியது. முதலில், பெண் காலொடிந்து பள்ளத்தில் கிடந்தாள், இவர் தோளில் தூக்கி வந்தார் என்றார்கள். அப்புறம் கிருத்திகை பஜனையில் பேசுகிறவர், மஞ்சுக்குள் ஒரு சிறுவன் வேலோடு வந்து இவர் கையைப் பிடித்து அவளிடம் கூட்டிப்போனான் என்று சொன்னார். ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் குமுறினேன். அப்போதுதான் என் கையைப் பிடித்து அப்படிக் கேட்டார். "ஒண்ணும் இல்லாததுக்குப் போய் செத்தாருன்னு சொல்றதவிட இது நல்லா கீது இல்ல தம்பி? நானும் இன்னாத்தப் புடிச்சுகினு நாள ஓட்டறது?" நான் வாயை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு கிருத்திகையும் அந்தக் கதையை அண்ணி முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டார்.

போன கிருத்திகைக்கும் கேட்டார். கோயிலிலிருந்து இருவரும் இறங்கி வந்தோம். தெருமுனையில் நின்றுவிட்டார்.

"தம்பி, முருகன் வந்து கையப் புடிச்சுக் கூட்டினு போனா யார்தான் போவ மாட்டாங்க? நானே போவேனே."

கையிலிருந்த பிரசாதத்தை என்னிடம் கொடுத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அவருக்கு யாரும் வந்து சொல்லல. பொண்ணு கீதா இல்லியான்னே தெரியாது. தெரியாமதான போனாரு? அத்த எடுத்துட்டா எங்கூட்டுக்காரரு இன்னா பண்ணாருன்னு இருக்கும்? நீ எழுது. பொண்ணு கெடச்சுதுன்னு மட்டும் எழுதிடாத."

அன்றைக்கு ராத்திரி பூஜை மாடத்தின் முன் உட்கார்ந்து யோசித்தேன். நான் கற்பூரம் ஏற்றி வேண்டின நேரத்தில் அந்தப் பெண் ஓட்டலில் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கேட்டதை, நான் கேட்பதற்கு முன்பே முருகன் கொடுத்துவிட்டிருந்தார். கேட்காமல் விட்டது இவரை. இவருக்காக வேண்ட வேண்டும் என்று அப்போது எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றியிருக்காது. இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. சாமியிடம் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் சாமி செய்யாததைச் சாமி பெயரில் சொல்வது பக்தி இல்லை என்று மட்டும் பட்டது. அதனால் எழுதிவிட்டேன்.

படித்தவர்கள் இதை வேறு யாருக்காவது சொல்வதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். அவர் பெரிய ஓட்டக்காரர் என்று சொல்ல வேண்டாம், அவர் ஓடவே இல்லை, நடந்தார். அந்தப் பெண்மேல் பழி போட வேண்டாம், அவர் போடவில்லை. அந்த ஏரிக்கரையில் அவர் தேடிப்போன இடத்தில் யாரும் இல்லை. சொல்லும்போது பரிதாபப்பட்டு அங்கே யாரையாவது கொண்டுவந்து உட்கார வைத்துவிடாதீர்கள். அந்தப் பெண்ணையும் வேண்டாம், சாமியையும் வேண்டாம். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.